அந்த ஊரில் யாரும் குறட்டை விடவில்லை

“இங்கிலாந்து வரைபடத்தைப் பார்த்தால் குறட்டை, படுகொலை, அசிங்கம் என்றெல்லாம் பொருள்படும் ஊர்ப்பெயர்கள் கண்ணில் படுகின்றனவே, யாராவது விளையாட்டாக வைத்ததா? எழுதுவது ஒன்றும் வாயால் சொல்வது ஒன்றுமாக ஏன் இருக்கிறது?” இதுதான் கேள்வி.

விளையாட்டாக வைத்தது ஒன்றுகூட இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது டெவன் கடற்கரையில் ஓர் ஊர் நினைவுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றபடி, நாம் பார்த்துச் சிரிக்கும் பெயர்களில் பெரும்பாலானவை வைத்த காலத்தில் துளியும் விசித்திரமில்லாதவை. இன்னான் வீடு, சேற்று நிலம், கிழக்கு வேலி என்று அடையாளத்துக்குச் சொன்ன பேச்சுகள், அவ்வளவே. விசித்திரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

குறட்டையிலிருந்தே தொடங்குவோம். நார்ஃபோக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி; கவுண்டி கிரிக்கெட்டில் நாம் கேட்ட அதே கவுண்டிதான்) கிரேட் ஸ்நோரிங், லிட்டில் ஸ்நோரிங் என்று அக்கம்பக்கமாக இரண்டு ஊர்கள். இன்றைய ஆங்கிலத்தில் ஸ்நோரிங் என்றால் குறட்டை விடுதல். பெயரைப் பிரித்தால் ‘ஸ்நேர்’ என்ற ஓர் ஆளும் ‘இங்’ என்ற ஒட்டும் கிடைக்கும். ‘இங்’ என்பது இன்னாரின் ஆட்கள், இன்னார் வகையறா என்று காட்டும் பழைய ஆங்கில விகுதி. ஆக, ஸ்நேர் வகையறா குடியிருந்த இடம். ஸ்நேர் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சுறுசுறுப்பானவன், விழிப்பானவன் என்று பொருள் என்பதுதான் கூத்து. கண் அயராதவனின் ஊர் குறட்டை ஊராகிவிட்டது. போதாக்குறைக்கு, இரண்டில் இன்று பெரிய ஊர் லிட்டில் ஸ்நோரிங்!

ஊர்ப்பெயர் ஆராய்கிறவர்கள் இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பவே மாட்டார்கள். அந்தப் பெயர் முதன்முதலில் எந்த ஆவணத்தில், எந்த வடிவில் எழுதப்பட்டது என்று பின்னோக்கிப் போவார்கள். அதற்கு அவர்களுக்கு வாய்த்த புதையல் டூம்ஸ்டே புத்தகம். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த மன்னர் வில்லியம், யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை பன்றி, எவ்வளவு வரி தேறும் என்று ஊர் ஊராக ஆளனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1086-இல் எடுத்த அந்தக் கணக்கில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் பதிவாயின. வரிக்காக எழுதிய கணக்கு ஊர்ப்பெயர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது. 1923-இல் தொடங்கிய ஆங்கில ஊர்ப்பெயர்ச் சங்கம் இப்படிப்பட்ட பழைய வடிவங்களைக் கவுண்டிவாரியாகத் தொகுத்து நூல்களாக வெளியிட்டு வருகிறது. நூறாண்டு தாண்டியும் வேலை முடிந்தபாடில்லை.

அந்தத் தீவில் ஒரே மக்கள் ஒரே மொழி பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. இன்றைய வெல்ஷ் மொழிக்கு மூதாதையான பிரித்தானிய மொழி பேசியவர்கள் முதலில். பிறகு லத்தீனோடு ரோமானியர்கள். அப்புறம் ஜெர்மனிப் பக்கத்திலிருந்து ஆங்கில, சாக்சன் குடிகள். பிறகு டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வைக்கிங்குகள். கடைசியாக பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள். ஒவ்வொருவரும் ஏற்கெனவே இருந்த பெயரைத் தங்கள் காதால் கேட்டு, தங்கள் மொழியில் ஏதோ பொருள் வருகிற மாதிரி திரும்பச் சொன்னார்கள்.

யார்க் நகரம் இந்தக் கூத்துக்கு முழு உதாரணம். பிரித்தானிய மொழியில் அது ‘எபோராகோன்’ போன்ற ஒரு பெயர். யூ மரங்கள் உள்ள இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ரோமானியர் அதை எபோராகும் ஆக்கினார்கள். ஆங்கிலக் குடிகள் வந்தபோது மரமாவது மட்டையாவது, அவர்கள் காதில் விழுந்தது ‘எயஃபோர்’, அதாவது காட்டுப்பன்றி. கூடவே குடியிருப்பைக் குறிக்கும் ‘விக்’ என்பதைச் சேர்த்து எயஃபோர்விக் என்றார்கள். 866-இல் வைக்கிங்குகள் நகரத்தைப் பிடித்ததும் அது யோர்விக் ஆயிற்று. அதுவும் தேய்ந்து யார்க். அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமை 1664-இல் ஆங்கிலேயர் பிடித்தபோது மன்னரின் தம்பியான யார்க் கோமகனின் பெயரை அதற்கு வைத்தார்கள். நியூயார்க் என்று நாம் சொல்லும்போது ஒரு மரமும் ஒரு காட்டுப்பன்றியும் அதற்குள் இருக்கின்றன.

அதே யார்க்கில் வைக்கிங்குகள் விட்டுப்போன இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே தெருப்பெயர்கள் ‘கேட்’ என்று முடியும். அது வாசல் அல்ல. ‘காட்டா’ என்ற வைக்கிங் சொல், தெரு என்று பொருள். நகரத்தின் கோட்டை வாசல்களுக்கோ ‘பார்’ என்று பெயர். அந்த ஊரில் கேட் என்றால் தெரு, பார் என்றால் வாசல்.

இப்போது அசிங்கத்துக்கு வருவோம். எசெக்ஸ் கவுண்டியில், ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குச் சற்று வடக்கே அக்லி என்று ஓர் ஊர். ஆங்கிலத்தில் அவலட்சணம் என்ற சொல் காதில் விழும். உண்மையில் அது ‘உக்கா’ என்பவனின் ‘லே’. லே என்றால் காட்டை வெட்டித் திருத்திய வெளி. ஹென்லி, பார்ன்ஸ்லி என்று ‘லி’யில் முடிகிற எத்தனையோ ஊர்கள் எல்லாம் இப்படி ஒருகாலத்தில் காடாக இருந்தவைதான். பக்கத்துக் கவுண்டியான ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் நாஸ்டி. கேவலம், அருவருப்பு என்று பொருள்படும் சொல். அக்லிப் பெண்ணுக்கும் நாஸ்டி மாப்பிள்ளைக்கும் கல்யாணம் என்று செய்தி போட்டால் எப்படி இருக்கும் என்பது அங்கே பழைய நகைச்சுவை.

நாஸ்டியின் கதை எனக்கு மிகவும் பிடித்த வகை, ஏனென்றால் அதில் குற்றவாளி ஒற்றை ‘ன்’. ஊரின் பெயர் வெறும் ‘ஈஸ்ட் ஹே’, கிழக்கு வேலியடைப்பு. ஆனால் அந்தக் காலத்தில் யாரும் ஊர்ப்பெயரைத் தனியாகச் சொல்வதில்லை. ‘அந்தக் கிழக்கு அடைப்பில்’ என்று உருபோடு சேர்த்தே சொன்னார்கள். அந்த உருபு ‘அட்டென்’. அட்டென்-ஈஸ்ட்-ஹே என்று வேகமாகச் சொல்லச் சொல்ல, கடைசி ‘ன்’ அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொண்டது. உருபு உதிர்ந்த பிறகும் ‘ன்’ இறங்கவில்லை. அப்படித்தான் நாஸ்டி. ஆஷ் மரத்தடி ஊர் ‘நாஷ்’ ஆனதும் இதே வழி. சசெக்ஸ் கடலோரத்தில் ஒருகாலத்தில் நீர் சூழ்ந்த மேட்டில் இருந்த ரை என்ற நகரத்தின் பெயர் வெறும் ‘தீவு’தான், அங்கே உருபு ‘அட்டெர்’, எனவே ஒட்டிக்கொண்டது ‘ர்’.

ஊர்ப்பெயரில் ஏறிய ‘ன்’ வேறு இடங்களில் இறங்கியும் இருக்கிறது. சமையலறையில் கட்டும் ஏப்ரன் முன்பு நாப்ரன். ஆட்டர் என்ற விரியன் பாம்பு முன்பு நாட்டர். முன்னால் வரும் ‘அ நாப்ரன்’ என்பதை ‘அன் ஆப்ரன்’ என்று பிரித்துக் கேட்டுவிட்டார்கள். நம் நாரத்தையோடு உறவுள்ள ஆரஞ்சும் தலை எழுத்தை இழந்த சொல்தான், ஆனால் அந்த விபத்து ஆங்கிலத்துக்கு வருமுன்பே வழியில் நடந்துவிட்டது.

படுகொலை ஊர்கள் இருப்பது குளோஸ்டர்ஷயரில். அப்பர் ஸ்லாட்டர், லோயர் ஸ்லாட்டர். தேன் நிறக் கல்வீடுகள், நடுவே ஓடை, சுற்றுலாப் பயணிகள் கூட்டம். ஸ்லாட்டர் என்றால் இன்று படுகொலை. பழைய ஆங்கிலத்தில் சேறு, சதுப்பு நிலத்தைக் குறித்த ‘ஸ்லோட்ரெ’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட விளக்கம். இரண்டு உலகப் போர்களிலும் போருக்குப் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிவந்த ஊர்கள் இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்பர் ஸ்லாட்டர் அவற்றில் ஒன்று.

ஹாம்ப்ஷயரில் ஓவர் வாலப், மிடில் வாலப், நெதர் வாலப் என்று மூன்று ஊர்கள். வாலப் என்றால் இன்று ஓங்கி ஒரு அறை. அன்று நீரூற்றுள்ள பள்ளத்தாக்கு. டெவனில் பீர் என்ற ஊரில் மது இல்லை. பெயரில் இருப்பது தோப்பு. கென்டில் லூஸ் என்ற ஊரின் பெயர் பன்றித் தொழுவம். அந்த ஊர்ப் பெண்கள் சங்கத்தின் பெயர்ப்பலகை ‘ஒழுக்கம் தளர்ந்த பெண்கள் சங்கம்’ என்று படிக்கும்படி அமைந்துவிடும்.

பன்றி என்றதும், ஸ்விண்டன் நகரம் பன்றிக் குன்று. கேட்ஸ்ஹெட் என்ற பெயரில் இருப்பது வெள்ளாட்டுத் தலை; எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி தம் வரலாற்று நூலில் அந்த இடத்தை ‘ஆட்டுத் தலை’ என்றே லத்தீனில் எழுதியிருக்கிறார். லிவர்பூல் கலங்கல் குட்டை. மான்செஸ்டருக்கு ரோமானியர் காலப் பெயர் மமூக்கியும்; அதில் உள்ள ‘மம்’ மார்பு வடிவக் குன்றைச் சுட்டுகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லும்போது நூல் ஆலைகள்தான் நமக்கு நினைவுக்கு வரும், இல்லையா?

நார்மானியர்கள் பெயரைத் திருகியதில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ராபின் ஹூட் கதைகளால் நமக்குத் தெரிந்த நாட்டிங்ஹாம், டூம்ஸ்டே கணக்கில் ஸ்னோட்டிங்ஹாம் என்று இருக்கிறது. ஸ்னோட் என்ற தலைவனின் ஆட்கள் வாழ்ந்த ஊர். ஸ்னாட் என்றால் இன்றைய ஆங்கிலத்தில் மூக்குச்சளி. பிரெஞ்சு பேசியவர்களுக்கு ‘ஸ்ன’ என்று தொடங்கும் ஒலி நாக்கில் வரவில்லை, முதல் எழுத்தை விட்டுவிட்டார்கள், நகரம் பிழைத்தது. ஆனால் அதன் கிழக்குப் பக்கத்துப் பகுதி ஒன்று இன்றும் ஸ்னென்டன் என்றே இருக்கிறது. அதே ஸ்னோட்தான். நகரத்தை விட்டுப் போன ‘ஸ்’ அங்கே பத்திரமாக இருக்கிறது.

கேம்பிரிட்ஜின் கதை இன்னும் விசித்திரம். அங்கே ஓடும் ஆறு கிராண்டா. அதன் மேல் பாலம், எனவே ஊர் கிராண்டாபிரிட்ஜ். நார்மானியர் வாயில் அது கான்டபிரிட்ஜ் ஆகி, பிறகு கேம்பிரிட்ஜ் ஆயிற்று. இப்போது ஊர் மக்கள் யோசித்தார்கள்: பாலத்தின் பெயர் ‘கேம்’ பிரிட்ஜ் என்றால் ஆற்றின் பெயர் கேம் ஆகத்தானே இருக்க வேண்டும்? ஆற்றுக்குக் கேம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆற்றால் ஊர் பெயர் பெற்று, ஊரால் ஆறு பெயர் மாறிய கதை. மேல் பகுதியில் ஒரு கிளையை இன்றும் கிராண்டா என்கிறார்கள். செல்ம்ஸ்ஃபோர்டில் ஓடும் செல்மர் ஆறும் அரண்டல் கோட்டையருகே ஓடும் அருண் ஆறும் இப்படி ஊரிலிருந்து பெயரைக் கடன் வாங்கியவைதாம்.

ஆறுகளுக்கு இன்னொரு குணம் உண்டு: ஆட்சி மாறினாலும் ஆற்றின் பழம்பெயர் எளிதில் மாறாது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் ஏவன் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஏவன் என்ற பெயரில் இங்கிலாந்தில் பல ஆறுகள். ஏன்? வெல்ஷ் மொழியில் ‘அவொன்’ என்றால் ஆறு. வந்தவன் இது என்ன என்று கை காட்டியிருப்பான், இருந்தவன் ஆறு என்றிருப்பான், வந்தவன் அதையே பெயராக எடுத்துக்கொண்டான். இன்று ரிவர் ஏவன் என்றால் ‘ஆறு ஆறு’. லங்காஷயரில் பெண்டில் ஹில் என்ற குன்று இதையும் மிஞ்சியது. ‘பென்’ பிரித்தானிய மொழியில் குன்று. பொருள் புரியாத ஆங்கிலக் குடிகள் தங்கள் ‘ஹில்’லைச் சேர்த்தார்கள். அது தேய்ந்து பெண்டில் ஆனதும் பின்னால் வந்தவர்கள் மறுபடி ஒரு ஹில் சேர்த்தார்கள். குன்று குன்று குன்று. நம்மூரில் ‘நடு சென்டர்’ என்று சொல்லாதவர் யார்?

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘டார்பென்ஹவ் ஹில்’ என்று நான்கு முறை குன்று என்று சொல்லும் குன்று ஒன்று இருப்பதாக எங்கும் எழுதுவார்கள். கம்பிரியாவில் டார்பென்ஹவ் என்ற கிராமம் உண்மை. அந்தப் பெயரில் ஒரு குன்று இருப்பது நகைச்சுவைக்காகச் சேர்த்துக்கொண்டது. உள்ளூர்க்காரர்கள் கிராமத்தின் பெயரையே ‘டிரபென்னா’ என்றுதான் சொல்கிறார்கள்.

இனி டார்செட். பெயர் வேட்டைக்காரர்களுக்கு அதைவிட நல்ல கவுண்டி இல்லை என்பேன். அங்கே பிடில் என்று ஒரு சிற்றாறு. பழைய ஆங்கிலத்தில் சதுப்பு நிலத்தைக் குறித்த சொல். பிற்கால ஆங்கிலத்தில் அதே ஒலிக்குச் சிறுநீர் கழித்தல் என்று பொருள் வந்து தொலைத்தது. ஆற்றங்கரை ஊர்களில் சில பிடில் என்றே நிற்கின்றன, சில சேற்றுக் குட்டை என்று பொருள்படும் ‘படில்’ ஆகிவிட்டன. படில்டவுன் என்ற ஊர் முன்பு பிடில்டவுன். மரியாதையான வடிவத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது 1950களில்தான். பிடில்ட்ரென்தைடு என்ற ஊரோ அசையவில்லை. அந்தப் பெயரில் ஆங்கில ஆறு ஒன்று, பிரெஞ்சு எண் ஒன்று, வரிக்கணக்கு ஒன்று இருக்கின்றன. ‘ட்ரென்ட்’ பிரெஞ்சில் முப்பது. ‘ஹைடு’ என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்று கருதி வரி போட்ட அளவு. பிடில் ஆற்றங்கரையில் முப்பது ஹைடு வரி கட்டும் ஊர். டூம்ஸ்டே கணக்கிலும் அதற்கு முப்பது ஹைடுதான்.

அதே கரையில் டோல்படில். பதினொன்றாம் நூற்றாண்டில் டோலா என்ற விதவை இந்த நிலத்தை அபட்ஸ்பரி மடத்துக்கு எழுதிவைத்தார். அவர் பெயர் ஊரின் தலையில் நின்றுவிட்டது. 1834-இல் கூலியைக் குறைத்துக்கொண்டே போனதை எதிர்த்துச் சங்கம் சேர்ந்த அந்த ஊர்ப் பண்ணைத் தொழிலாளர் ஆறு பேரை, ரகசியப் பிரமாணம் எடுத்த குற்றம் சாட்டி, ஆஸ்திரேலியாவுக்கு ஏழாண்டு நாடு கடத்தினார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி 1836-இல் மன்னிப்பு வந்தது. தொழிற்சங்க வரலாற்றைப் படித்தவர்களுக்கு டோல்படில் தியாகிகள் என்றால் தெரியும். ‘டோலாவின் சதுப்பு நிலம்’ என்று அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கொஞ்சம் தள்ளி பியர் ரீஜிஸ் அருகே ஷிட்டர்டன். இந்தப் பெயர் மட்டும் மாறவே இல்லை, அன்று எதைச் சொன்னதோ இன்றும் அதையே சொல்கிறது. கழிவு கலந்து ஓடிய ஓடைக்கரைப் பண்ணை. பெயர்ப்பலகையை வேடிக்கைக்காகத் திருடிக்கொண்டு போகிறவர்கள் தொல்லை தாங்காமல், 2010-இல் ஊர்க்காரர்கள் பணம் போட்டு ஒன்றரை டன் எடையுள்ள பர்பெக் கல்லில் பெயரைச் செதுக்கி நட்டுவிட்டார்கள். கிரேன் கொண்டுவந்தால்தான் இனித் திருட முடியும்.

டார்செட்டில் லத்தீன் வால் முளைத்த ஊர்களும் உண்டு. டோலர் போர்கோரும் என்றால் ‘பன்றிகளுடைய டோலர்’. பக்கத்திலேயே டோலர் ஃப்ராட்ரும், ‘சகோதரர்களுடைய டோலர்’, அதாவது அந்த நிலத்தை வைத்திருந்த துறவுப் படையினருடையது. ஒரே பெயரில் பல ஊர் இருந்தால் குமாஸ்தாக்கள் லத்தீனில் ஓர் அடைமொழி சேர்த்து வேறுபடுத்துவார்கள். எசெக்ஸில் கிரேட் வெண்டன், லிட்டில் வெண்டன் என்ற இரண்டு ஊர்களை 1662-இல் ஒன்றாக்கினார்கள். புது ஊருக்கு என்ன பெயர்? வெண்டன்ஸ் ஆம்போ. ஆம்போ என்றால் லத்தீனில் ‘இரண்டும்’. நிலவுடைமைக் குடும்பத்தின் பெயரை வாலாகச் சேர்ப்பதும் வழக்கம்: ஆஷ்பி-டி-லா-ஸூஷ் என்ற நீண்ட பெயரில் ஆஷ் மரம் இருக்கிறது, ‘பி’ என்ற வைக்கிங் ஊர் விகுதி இருக்கிறது, பிரிட்டனியிலிருந்து வந்த ஸூஷ் குடும்பம் இருக்கிறது.

ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பால்டாக் என்ற சின்ன நகரம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது பாக்தாத். சிலுவைப் போர்க் காலத்தில், 1140களில், டெம்ப்ளர் என்ற துறவுப் படைவீரர்கள் அங்கே ஒரு சந்தை ஊரை நிறுவினார்கள். பழைய பிரெஞ்சில் பாக்தாத்துக்குப் பெயர் பால்டாக். கீழை உலகத்தின் பெருஞ்சந்தை நகரத்தின் பெயரை ஆசையோடு வைத்திருக்கிறார்கள். மூலப்பெயர் இவ்வளவு அப்பட்டமாக வெளியே தெரிந்தும் யாரும் கவனிக்காத ஊர் வேறில்லை என்று தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிர், பொய்க் காரணத்தால் புகழ்பெற்ற பெயர். லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காசில் என்ற பகுதி, யானையும் கோட்டையும். முதலாம் எட்வர்டின் அரசியான காஸ்டில் நாட்டு எலினோரை ‘இன்ஃபன்டா டி காஸ்டில்’ (காஸ்டில் இளவரசி) என்று சொன்னதுதான் திரிந்து இப்படி ஆயிற்று என்று டாக்ஸிக்காரரிலிருந்து வழிகாட்டிப் புத்தகம் வரை சொல்வார்கள். எலினோர் 1290-இல் இறந்தார். இன்ஃபன்டா என்ற பட்டச்சொல் ஆங்கிலத்தில் புழங்கியது நூற்றாண்டுகள் கழித்து. உண்மையில் அங்கே அந்தப் பெயரில் ஒரு சத்திரம் இருந்தது. 1765-லேயே ஆவணத்தில் வருகிறது. முதுகில் கோட்டை சுமக்கும் யானை ஐரோப்பியச் சின்னங்களில் பழைய உருவம். தந்தக் கைப்பிடி வைத்த கத்தி செய்த லண்டன் கத்திக் கொல்லர் சங்கத்தின் சின்னத்திலும் அது உண்டு. யானை மேல் அம்பாரியைப் பார்த்திராதவர்கள் அதைக் கோட்டையாக வரைந்தார்கள். சதுரங்கத்தில் நாம் யானை என்று நகர்த்தும் காயை ஆங்கிலேயச் சிறுவர்கள் காசில் என்று நகர்த்துவதில் இதன் இன்னொரு நிழல் இருக்கிறது.

கென்ட் கவுண்டியில் சாண்ட்விச் நகரத்துக்கு மணல்மேல் வணிக ஊர் என்று பொருள். யார்க்கில் பார்த்த அதே ‘விக்’. அந்த ஊரின் பெயரில் பட்டம் வாங்கிய நான்காம் சாண்ட்விச் கோமான் ஜான் மான்டகு ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துச் சாப்பிட, உணவுக்கு அவர் பெயர் வந்தது. கேப்டன் குக் 1778-இல் ஹவாய்க்குப் போனபோது இந்தக் கோமானின் பெயரால் அதற்குச் சாண்ட்விச் தீவுகள் என்று பெயரிட்டார். சாண்ட்விச்சுக்குச் சில மைல் தள்ளி ஹாம் என்ற குக்கிராமம் இருக்கிறது. இது பன்றித் தொடை ஹாம் அல்ல, நீர் சூழ்ந்த புல்வெளி. இரண்டு ஊருக்கும் வழிகாட்டும் கைகாட்டி மரத்தில் ‘ஹாம்’, ‘சாண்ட்விச்’ என்று அடுத்தடுத்து எழுதியிருப்பதைப் படம் பிடிக்காமல் போகிறவர் குறைவு.

இப்படி ஊர்ப்பெயர் பட்டமாகி, பட்டம் மறுபடி ஊராவது நீலகிரி வரை வந்திருக்கிறது. ஆர்தர் வெல்லெஸ்லிக்கு 1809-இல் பட்டம் கொடுத்தபோது எந்த ஊரின் பெயரைப் போடுவது என்று அவருடைய அண்ணன் வில்லியம் பார்த்து, குடும்பப் பெயரோடு ஒலி ஒத்துப்போகிறது என்ற காரணத்தால் சாமர்செட்டில் உள்ள வெலிங்டனைத் தேர்ந்தெடுத்தார். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அந்த வெலிங்டனின் பெயரைத்தான் குன்னூர் அருகே ஜக்கதளா என்றிருந்த இடத்தில் ராணுவக் குடியிருப்புக்கு வைத்தார்கள்.

ஸ்கந்தார்ப் நகரத்தைச் சொல்லாமல் போனால் கணினிக்காரர்கள் கோபிப்பார்கள். ஸ்கூமா என்ற வைக்கிங்கின் ‘தோர்ப்’, சிறு குடியிருப்பு. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவே மிகக் கெட்ட வார்த்தை ஒன்று தற்செயலாக ஒளிந்திருக்கும். 1996-இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஆபாசச் சொல் வடிகட்டி இதைக் கண்டுபிடித்து, ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்கவிடாமல் தடுத்தது. வடிகட்டி அப்பாவிச் சொல்லைத் தடுத்தால் அதற்கு இன்றும் ‘ஸ்கந்தார்ப் சிக்கல்’ என்றே பெயர்.

உச்சரிப்புக்கு விடை சுருக்கமானது. எழுத்தைக் குமாஸ்தாக்கள் உறைய வைத்துவிட்டார்கள்; ஊர்க்காரர் வாய் தேய்த்துக்கொண்டே போனது. ரோமானியப் படைமுகாமைக் குறித்த ‘காஸ்ட்ரா’தான் செஸ்டர், காஸ்டர் என்று முடியும் பெரும்பாலான ஊர்களில் இருப்பது. எழுத்துக்கூட்டிப் படித்தால் லெய்செஸ்டர், வோர்செஸ்டர். சொல்வது லெஸ்டர், வூஸ்டர். நார்ஃபோக்கில் ஹாப்பிஸ்பர்க் என்று எழுதியிருக்கும், ஹேஸ்பரா என்பார்கள். வைமண்ட்ஹாம் என்று எழுதியிருக்கும், விண்டம் என்பார்கள். பெல்வோர் என்ற அழகிய பிரெஞ்சுப் பெயருக்கு ‘நல்ல காட்சி’ என்று பொருள். பிரெஞ்சு வராத ஆங்கில நாக்கு அதைப் பீவர் என்ற விலங்கின் பெயராக்கிவிட்டது.

கடைசியாக, தொடக்கத்தில் கையைப் பிடித்த ஊர். வடக்கு டெவனில் பிடெஃபோர்ட் நகரத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட்வர்ட் ஹோ! ஆச்சரியக்குறி என்னுடையதல்ல, பெயரிலேயே இருக்கிறது. பழைய வேரும் இல்லை, திரிபும் இல்லை. சார்லஸ் கிங்ஸ்லி பிடெஃபோர்டைக் களமாக வைத்து 1855-இல் அந்தத் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். அது ஓகோவென்று விற்றது. கடலோரத்தில் ஓட்டல் கட்டி ஆள் சேர்க்கலாம் என்று 1860களில் சிலர் நிறுவனம் தொடங்கி, நாவலின் பெயரைக் குறியோடு சேர்த்து அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். ஆக, தெரிந்தே கூவிக் கூப்பிடுவதற்காக வைத்த பெயர் இது ஒன்று உண்டு. அங்கிருந்து சில மைல் தொலைவில் வுல்ஃபார்டிஸ்வர்தி என்று ஓர் ஊர் வரைபடத்தில் இருக்கும். பேருந்தில் ஏறி அப்படிச் சீட்டுக் கேட்காதீர்கள். வுல்ஸரி என்று கேளுங்கள். ஊர்க்காரர்களுக்கே அலுத்துப்போய், இப்போது அப்படியே எழுதவும் செய்கிறார்கள்.